கண்ணாடியில் ஒட்டிய ஃபாதர்

மார்ல்பரியில் டோரீன் பாவ்லிக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் பாதிப் பேருக்கு ஒரு டோரீனைத் தெரியும், மீதிப் பேருக்கு இன்னொரு டோரீனை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரிந்த டோரீன் பள்ளிக்கூடத்தின் பதினான்காம் நம்பர் மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவள். காலையில் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வேலைக்கு லேட்டுதான். அவள் வளைவில் நிதானிப்பாள், மேட்டில் நிதானிப்பாள், எவன் வீட்டு நாயாவது வாலாட்டினால்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். இன்னொரு டோரீன் சனிக்கிழமைதோறும் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கார்வெட் என்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் நாற்பத்துநாலாம் சாலையைக் கிழித்துக்கொண்டு போகிறவள். இரண்டும் ஒரே பொம்பளைதான் என்பதை ஊர் ஜீரணித்துக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இருபது வருடத்துக்கு மேலாக, முதுகுக்குப் பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்த, ஒருத்தன் வாந்தியெடுக்க, ஒருத்தி அடுத்தவள் சடையைக் கத்தரிக்க, நாற்பது மைலைத் தாண்டாமல் உங்களை ஓட்டச் சொன்னால் தெரியும். சனிக்கிழமை வந்தால் உங்கள் காலும் உங்கள் பேச்சைக் கேட்காது.

அந்தக் கார் வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. இளைய மகன் கடற்படையில் சேர்ந்து கிளம்பிப்போன வாரம், கூரை ஒழுகுகிறது, ஆள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், பன்னிரண்டு வருடப் பழைய கார்வெட்டில் திரும்பி வந்தாள். அவள் புருஷன் எமில் வாசலில் நின்று அதை முன்னும் பின்னும் பார்த்தான். டயர் தொழிற்சாலையில் முப்பது வருடம் டயர்களைத் தட்டித் தட்டிக் குறை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும்.

"இது எங்கம்மா ஒழுகுறதை அடைக்கும்?" என்றான்.

"கூரை ஒழுகினா வாளி வைக்கலாம் எமில். எனக்கு வயசு ஒழுகுதே, அதுக்கு எந்த வாளியை வைக்கிறது?"

எமில் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

வினை வசந்தத்தில் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வேகத்துக்காக இரண்டு அபராதச் சீட்டு வாங்கிவிட்டாள். பள்ளி வாகனங்களுக்கெல்லாம் தலைவன் லைல் ஃபெண்டர்மன் அவளைக் கூப்பிட்டனுப்பினான். லைல் நல்லவன்தான், ஆனால் நல்ல சேதியைக்கூடச் சாவு வீட்டில் பேசுகிற குரலில்தான் சொல்வான்.

"டோரீன், பஸ்ஸுல உன்மேல ஒரு கீறல் கிடையாது. ஆனா விதி விதிதான். வேகத்துக்கு இன்னொரு சீட்டு வந்துச்சுன்னா, சாவியை இந்த மேசைல வெச்சிட்டு நீ வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்புறம் நானே நினைச்சாலும் முடியாது."

"சனிக்கிழமை நான் எப்படிப் போனா உனக்கென்ன லைல்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பெத்தவங்களுக்கு இருக்குமே."

வாயில்லாமல் வெளியே வந்த டோரீனை அன்றைக்குத்தான் பணிமனைக்காரர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் எமில் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கியிருந்தான். அவள் முள்கரண்டியால் தட்டைக் கிளறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வேகத்தைக் குறை," என்றான் எமில்.

"அது ஒரு வழி. வேற வழி இருந்தா சொல்லு."

"காரை வித்துடு."

"இன்னும் வேற?"

"டோரீன், உனக்குப் பஸ் வேணுமா, கார் வேணுமா?"

"ரெண்டும் வேணும்யா. அதுக்குத்தான வழி கேக்குறேன். சும்மா பாதிரியார் மாதிரி இதுவா அதுவான்னா?"

வழியை அவளே கண்டுபிடித்தாள். நெடுஞ்சாலையோரத்தில் லாரிக்காரர்கள் காப்பி குடிக்கிற கடையில், கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக வைத்திருந்தார்கள். ரேடார் டிடெக்டர். சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. எங்கேயாவது போலீஸ் ரேடார் துப்பாக்கியை நீட்டினால் அந்த அலையை மோப்பம் பிடித்துக் கத்தும். எங்கள் ஒஹையோவில் காருக்குள் வைத்துக்கொள்ளத் தடையும் கிடையாது. அவள் அதை ரொட்டிப் பைக்கு அடியில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எமில் ரொட்டியைத்தான் முதலில் எடுத்தான்.

"போலீஸை ஏமாத்துற சோலிக்கு என்னைக் கூப்பிடாத," என்று காலையில் கறாராகச் சொன்னான். மத்தியானம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். காருக்குள் டோரீன் அந்தப் பெட்டியை முன்கண்ணாடியில் கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தாள். போலீஸை ஏமாற்றுவதைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான், கோணலைப் பொறுக்கமாட்டான்.

"தள்ளு," என்றான். "நீ ஒட்டினா விளங்குமா?"

அந்தக் கோடை முழுக்க எமிலுக்கு இதுவே பிழைப்பாகிப்போனது. பெட்டியோடு வந்தவை கண்ணாடியில் அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற ரப்பர் கிண்ணங்கள். எமில் கண்ணாடியை வினிகரால் துடைத்து, கிண்ணங்களை எச்சில் தொட்டு ஒட்டினான். ஜூன் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்வெட் ரொட்டி சுடுகிற அடுப்புதான். டோரீன் கிளம்பி இரண்டாவது வளைவில் திரும்பும்போது ரப்பர் இளகி, பெட்டி கழன்று, கத்திக்கொண்டே அவள் மடியில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்துப் பண்ணையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் ஓடின.

அடுத்து டாஷ்போர்டின் மேல் ஒட்டினான். அந்தக் காரின் முன்கண்ணாடி படுத்துக்கிடக்கிற கண்ணாடி, பானெட்டோ நீளம். அங்கே உட்கார்ந்த பெட்டிக்கு வைப்பரும் பானெட்டும்தான் தெரிந்தன, ரோடு தெரியவில்லை. அப்புறம் வெயில் மறைக்கிற பலகையில் கொக்கி போட்டு மாட்டினான். கனம் தாங்காமல் பலகை மடங்கி டோரீனின் கண்ணை மறைத்தது. ஒரு கையால் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டியபடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"போலீஸ் பிடிக்காட்டியும் நீ என்னைக் கொன்னுடுவ போலிருக்கே!"

"கத்தாத. எங்க வைக்கணும்னு இப்பதான் புரிஞ்சிருக்கு."

பின்னால் பார்க்கிற கண்ணாடிக்குக் கொஞ்சம் கீழே, முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் சாயம் பூசிய பட்டைக்கு அடியில். அதுதான் இடம் என்றான். சாயப் பட்டை அலையை மறைக்கக்கூடாது, வைப்பர் குறுக்கே வரக்கூடாது, பெட்டி ரோட்டை நேராகப் பார்க்கவேண்டும். பழைய பிஸ்கட் டின்னின் மூடியை வெட்டி வளைத்து ஒரு தாங்கி செய்தான். காருக்குள் தலைகீழாகத் தொங்கியபடி ரசமட்டம் வைத்துப் பார்த்தான். வயரைக் கூரையோர ரப்பருக்குள் செருகி, கதவுத் தூண் வழியாக இறக்கி, ஃப்யூஸ் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். முதல் தடவை எப்போதும் மின்சாரம் ஓடுகிற ஃப்யூஸில் கொடுத்துவிட்டதால் ராத்திரியோடு பேட்டரி படுத்துவிட்டது. டோரீன் ஒரு வாரம் அதையே சொல்லிக்காட்டினாள். சாவி திருகினால் மட்டும் உயிர் வருகிற ஃப்யூஸுக்கு மாற்றிய பிறகு, பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. எமில் இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். தன் கைவேலை அவனுக்கே பிடித்துப்போயிற்று. ஆனால் அதற்கு எதிரான கட்சியில் இருப்பதாக முகத்தை வைத்துக்கொண்டான்.

டோரீன் அதற்கு ஃபாதர் என்று பெயர் வைத்தாள். நாம் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தால் போதும், மூக்கில் வேர்த்து வந்து கத்த ஆரம்பித்துவிடுகிறது, வேறென்ன பெயர் வைப்பது என்றாள். பாவம் இருக்கிற இடத்திலும் கத்தும், இல்லாத இடத்திலும் கத்தும். மளிகைக் கடையின் தானாகத் திறக்கிற கதவைப் பார்த்துக் கத்தும். மருந்துக்கடைக் கதவைப் பார்த்து அதைவிட உரக்கக் கத்தும். ஆனாலும் ஜூலையில் இரண்டு தடவை, சோளக்கொல்லைக்குப் பின்னால் பதுங்கியிருந்த போலீஸ் காரை அரை மைலுக்கு முன்பே சொல்லிக் காப்பாற்றியது. அவள் பிரேக்கை மிதித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற முகத்தோடு அவர்களைக் கடந்து, கையையும் ஆட்டிவிட்டுப் போனாள்.

ஆகஸ்டில், பள்ளி திறக்கக் கொஞ்ச நாள் இருக்கையில், ஒரு சனிக்கிழமை அவள் காரின் கூரைப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள். சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. ஃபாதரும் வாயைத் திறக்கவில்லை. எழுபது, எண்பது என்று முள் ஏறியது. அதற்கப்புறம் முள்ளைப் பார்ப்பதை அவளே நிறுத்திவிட்டாள். சத்தமாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அந்த வேகத்தில் அவள் எப்போதும் சிரிப்பாள்.

தானியக் கிடங்கை நெருங்கும்போது ஃபாதர் ஒரே அலறலாக அலறினார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை, எடுத்த எடுப்பில் உச்சக் குரல். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். எவனோ விவரமானவன் ரேடார் துப்பாக்கியை அணைத்து வைத்துக்கொண்டு காத்திருந்து, கார் கிட்டே வந்ததும் ஒரே நொடி அமுக்கியிருக்கிறான். அணைந்திருக்கும் துப்பாக்கியை எந்தப் பெட்டியாலும் மோப்பம் பிடிக்க முடியாது. ஃபாதர் கத்தும்போது கணக்கு முடிந்துவிட்டது.

கிடங்குக்குப் பின்னால் போலீஸ் காரின் மூக்கு ஒரு கணம் தெரிந்தது. அவன் திரும்பி ரோட்டுக்கு வர நேரமாகும். அவன் விளக்கைப் போடுவதற்குள் டோரீன் வலது பக்கத்துச் சின்ன ரோட்டில் திரும்பிவிட்டாள். இரண்டு பக்கமும் சோளம், கார் வெளியே தெரியாது. இன்னும் நாலு மைல் போனால் வீடு. கராஜுக்குள் விட்டுக் கதவை இறக்கிவிட்டால் ஊரில் எத்தனையோ சிவப்புக் கார். கம்பி நீட்டிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். அதிலும் ஒரு குஷி இருந்தது.

நடுவில் ஒரு ரயில் பாதை குறுக்கே வந்தது.

பள்ளி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. தண்டவாளம் வந்தால் நிற்கவேண்டும். ரயில் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கவேண்டும். பிள்ளைகளை வாயை மூடச் சொல்லி, ரேடியோவை அணைத்து, பஸ்ஸின் கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, காதால் கேட்டு, அதற்கப்புறம்தான் தாண்டவேண்டும். டோரீன் இதை ஒரு நாளைக்கு எட்டு முறை செய்கிறவள். அந்தப் பாதையில் ரயில் நின்றுபோய் ஆறு வருடம் ஆகிறது, தண்டவாளத்துக்கு நடுவில் இடுப்பளவு புல். அதெல்லாம் அவள் தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாதே. வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. தண்டவாளத்துக்குப் பத்தடி முன்னால் கார்வெட் கிறீச்சிட்டு நின்றது. வலது கை பஸ்ஸின் கதவுக் கம்பியைத் தேடிக் காற்றைத் துழாவியது, கிடைக்காமல்போகவே இடது கை தன் பக்கத்துக் கதவை அகலத் திறந்தது.

ஃபாதர் இன்னும் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஷ்ஷ்! எல்லாரும் வாயை மூடுங்க!" என்று அதட்டி, டோரீன் பெட்டியை அணைத்தாள். வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ரயில் சத்தம் வரவில்லை. போலீஸ் சைரன்தான் வந்தது.

இறங்கி வந்தவன் ட்வெயின் ஹோர்வாத். இப்போது கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்துப் போலீஸ், இடுப்பில் துப்பாக்கி, வயிறு வேறு போட்டிருக்கிறான். ஒரு காலத்தில் பதினான்காம் நம்பர் பஸ்ஸின் கடைசி சீட்டு. சீட்டுக்கு அடியில் அவன் ஒட்டிய சூயிங் கம்மையெல்லாம் ஒரு நாள் அவன் கையாலேயே சுரண்ட வைத்தவள் டோரீன்.

"என்ன மிஸஸ் பாவ்லிக், கார் நின்னுபோச்சா?"

"இரு. ரயில் வருதான்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

ட்வெயின் புல்லைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இதுல ரயிலே வர்றதில்லையே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா நின்னீங்க?"

"நான் எங்கடா நின்னேன்? கால் நின்னுடுச்சு."

அவன் சிரிக்கவில்லை. "கிடங்குகிட்ட தொண்ணூத்தி நாலு காட்டுச்சு," என்றான்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க உதட்டைக் கடித்தாள். அடுத்த நொடியே லைலின் மேசை ஞாபகத்துக்கு வந்தது.

"எழுதிடு ட்வெயின். எதையும் பேசாத. சீக்கிரம் எழுதி முடி."

அவன் தன் காருக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். டோரீன் திறந்த கதவோரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளிடம் ஆயுதம் இல்லாமல் இல்லை. ட்வெயினின் மகள் கைலா தினமும் ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வீட்டுக் கதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறவள். அப்பா படம் பார்த்து அழுவார், அப்பா குறட்டை விட்டால் அம்மா சோபாவுக்கு விரட்டுவாள். ஒரு வார்த்தை விட்டால் போதும், ட்வெயின் நெளிவான். விடவில்லை. பஸ்ஸில் பிள்ளை சொன்னது பஸ்ஸோடு.

அவளுக்கு அழுகை வந்தது. இனி யாரோ ஒருத்தன் அந்தப் பஸ்ஸை ஓட்டுவான். பாலத்தை ஒட்டிய வீட்டுப் பையனுக்கு மூச்சிரைக்கும், அவன் படியேறும்வரை பொறுக்கவேண்டும் என்று அந்தப் புது ஆளுக்கு யார் சொல்வது? கைலா தூங்கிவிட்டால் எழுப்பித்தான் இறக்கவேண்டும் என்று? இரண்டும் வேணும் என்று வீம்பு பேசினாளே, இப்போது ஒன்றுதான் வேண்டும் என்று தெரிந்தது. பெட்டியைப் பிடுங்கிச் சோளத்துக்குள் எறிந்துவிடலாமா என்று பார்த்தாள். எமில் அவ்வளவு நேர்த்தியாக மாட்டியிருந்தான், அது அசையக்கூட இல்லை.

ட்வெயின் திரும்பி வந்தான்.

"என் பொண்ணு இந்த வருஷமும் உங்க பஸ்லதான் வர்றா."

"தெரியும்டா."

"தொண்ணூத்தி நாலுல போற ஆளை நம்பிப் பிள்ளையை அனுப்பலாமான்னு அங்க உக்காந்து யோசிச்சேன், மிஸஸ் பாவ்லிக். கோபமாத்தான் வந்துச்சு."

டோரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்புறம் இந்தக் கதவைப் பார்த்தேன். பின்னாடி நான் துரத்திட்டு வர்றேன், வராத ரயிலுக்குக் கதவைத் திறந்து வெச்சு உக்காந்திருக்கீங்க."

சீட்டைக் கிழித்து நீட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். இன்னொரு முறை படித்தாள். 'காரணமின்றி வாகனத்தைச் சாலையில் நிறுத்திப் போக்குவரத்துக்கு இடையூறு செய்தது.'

"டேய்! யாருக்குடா இடையூறு? பின்னாடி ஒரு மாடுகூட இல்லையே!"

"எனக்குத்தான். நான் பின்னாடி வந்துட்டிருந்தேன்ல?"

"வேகத்துக்குப் போடவேண்டியதை..."

"லைல் விதிச்சது ஊருக்கே தெரியும். இது அவர் மேசைக்குப் போகாது," என்றான் ட்வெயின். "அடுத்தது போகும். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். கதவை மூடிட்டு வீட்டுக்குப் போங்க."

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "பேருல ஒரு எழுத்தை விட்டுட்ட பாரு, சின்ன வயசுலயே உனக்கு எழுத வராது," என்றுதான் வந்தது. ட்வெயின் சீட்டை வாங்கி, எழுத்தைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டில் எமில் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கார்வெட் வைத்துக்கொண்டு நின்றதற்காகத் தண்டம் கட்டுகிற ஆள் அமெரிக்காவிலேயே நீ ஒருத்திதான் என்றான்.

"காரணமில்லாம நின்னேனாம்! ரயில் பாதைய்யா அது! நான் கோர்ட்டுக்குப் போறேன்."

"தாராளமா போ. அங்க நிக்கிறதுக்கு முன்னாடி எந்த வேகத்துல வந்தீங்கம்மான்னு ஜட்ஜ் கேப்பார். அதையும் சொல்லிட்டு வா."

அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். எமில் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் டோரீன் திருந்தினாளா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் திருந்தினாள்.

திங்கட்கிழமை அபராதத்தைக் கட்ட கவுண்டி அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் சீட்டை வாங்கிப் படித்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் தெரிந்த முகங்களாக ஆறேழு பேர்.

"கார்வெட்... நின்னதுக்கா? எதுவும் காரணம் இருந்திருந்தா சொல்லலாம்மா, எழுதிக்கிறோம்."

இத்தனை வருடத்தில் டோரீன் பாவ்லிக் ஒரு தண்டவாளத்துக்கு முன்னால்கூடக் காரணமில்லாமல் நின்றது கிடையாது. முகம் சிவந்தது. வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு காரணமும் இல்லம்மா," என்றாள். "சும்மாதான் நின்னேன்."